பருவத்திற்கேற்ப வாகனம் ஓட்டும் முறை

கடலூர் ஜில்லா, விருத்தாசலம் தாலூகாவைச் சேர்ந்த மங்கலம்பேட்டை, விருத்தாசலத்திலிருந்து உளுந்தூர்ப்பேட்டைக்குச் செல்லும் ரஸ்தாவின்மேல் அமைந்த ஊர். இவ்வூரிலும் இதனைச் சூழ்ந்த கிராமங்களிலும் உள்ள குடியானவர்கள் நெல், மணிலா, உளுந்து, எள் முதலிய விளைபொருள்களை விருத்தாசலம் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்திற்குக் கொண்டு போவதும், திரும்பும்போது உரமும் விதையும் ஏற்றி வருவதும் இந்த ரஸ்தாவின் வழியாகவேயாம். விருத்தாசலத்துப் பீங்கான் சாமான்களை ஏற்றிய லாரிகளும், செங்கல் வண்டிகளும், பள்ளிக்கூடத்துப் பஸ்களும் இதே பாட்டையில்தான் ஓடுகின்றன. வடக்கே உளுந்தூர்ப்பேட்டையில் சென்னை - திருச்சி தேசிய நெடுஞ்சாலை வந்து சேருகிறது. அந்நெடுஞ்சாலையில் பழகிய வாகனங்களின் வேகம் வேறு. வயலிலிருந்து ஏறி வரும் டிராக்டரின் வேகம் வேறு. இவ்விரண்டும் ஒரே தார் ரோட்டில் ஒன்றையொன்று சந்திக்க நேரிடுகிறது.

2022-ம் ஆண்டில் இந்தியா முழுவதிலும் ரஸ்தா விபத்துக்களில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்று மத்திய சர்க்காரின் அறிக்கை கூறுகிறது. விபத்துக்களின் எண்ணிக்கையில் அவ்வாண்டில் தமிழ்நாடே முதலில் நின்றது. இங்கு நேர்ந்தவை 64,105. நாடு முழுவதிலும் இறந்தவர்களில் 100-க்கு 44 பேர் இரு சக்கர மோட்டார் வண்டிகளில் சென்றவர்கள். ஏர் மாடு இல்லாத வீடு பெருகி, மோட்டார் சைக்கிள் இல்லாத வீடு அருகி வரும் இக்காலத்தில் இது குடியானவர்களுக்கு அயலான விஷயம் அன்று. மழை பெய்த மறுநாள் ஏர் பூட்டலாமா, ஈரம் சற்றுக் காயட்டுமா என்பதை ஒவ்வொரு விவசாயியும் காலால் மண்ணை மிதித்துப் பார்த்தே முடிவு செய்கிறார். ஆனால் அவரே தார் ரோட்டில் ஏறியவுடன் கோடையிலும் மழையிலும் பனியிலும் ஒரே வேகத்தில் வண்டியை விடுகிறார். மண்ணுக்கு இருப்பதுபோல் ரோட்டுக்கும் பதம் உண்டு என்பது அவர் கவனத்திற்கு வருவதில்லை.

டயர் ரோட்டைப் பற்றும் பிடிப்பே வண்டியை நிறுத்துகிறது. பிடிப்புக் குறைந்தால் பிரேக்கு எவ்வளவு நன்றாயிருந்தாலும் பயனில்லை. சக்கரம் நின்றுவிடும், வண்டியோ வழுக்கிக்கொண்டே போகும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு வினாடியில் 11 மீட்டர் கடக்கிறது. தடையொன்றைக் கண்டு, கையோ காலோ பிரேக்கை அழுத்துவதற்குள் ஒரு வினாடியாவது கழிந்துவிடும். அதன்பின் வண்டி நிற்பதற்கு உலர்ந்த தார் ரோட்டில் ஏறக்குறைய 9 மீட்டரும், நனைந்த ரோட்டில் 16 மீட்டரும், சேறு பரவிய இடத்தில் 30 மீட்டரும் வேண்டும். வேகத்தை 60 கிலோமீட்டராக்கினால் இத்தூரங்களும் ஒன்றரை மடங்காகும் என்று பலர் எண்ணுகின்றனர். அது பிசகு. வேகம் ஒன்றரை மடங்கானால் பிரேக்கு பிடித்தபின் ஓடும் தூரம் இரண்டேகால் மடங்காகிறது. வேகம் இரட்டித்தால் நான்கு மடங்காகிறது. ஆகவே நனைந்த ரோட்டில் 60 கிலோமீட்டர் வேகத்தில் வருபவர், தடையைக் கண்ட இடத்திலிருந்து 50 மீட்டருக்கு மேல் ஓடியே நிற்பார். மோட்டார் சைக்கிளின் தாழ்ந்த விளக்கொளி இரவில் அவ்வளவு தூரத்தைத் தெளிவாகக் காட்டுவது அரிது. எனவே, விளக்கில்லாத வண்டியொன்று எதிரே நிற்குமாயின் அதைக் காணும்போதே அதன்மேல் மோதுவது நிச்சயமாகி விடுகிறது. கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் தூரத்திற்குள் நிறுத்தக்கூடிய வேகம் எதுவோ அதுவே அந்தந்தச் சமயத்திற்குரிய வேகம். கீழே கூறப்படுபவை யாவும் இதன் கிளைகளே.

மழைக்காலத்தில் அதிகம் பயப்பட வேண்டியது பெருமழையைக் காட்டிலும் முதல் தூற்றலுக்கே. கோடை முழுவதும் ரோட்டில் சிந்திய எண்ணெயும், டயர் தேய்ந்த தூளும், புழுதியும் முதல் தூற்றலில் குழைந்து மெழுகு பூசினாற்போல் ஆகின்றன. மழை வலுத்துக் கழுவிய பிறகு ரோடு ஓரளவு தேறிவிடும். ஆகையால் மழை பிடித்துக்கொள்ளுமுன் ஊர் போய்ச் சேர வேண்டுமென்று விரைவது, வழுக்கல் மிகுந்த நேரத்தில் வேகத்தை மிகுப்பதாகவே முடிகிறது. நனைந்த ரோட்டில் இரு பிரேக்குகளையும் சேர்த்து, சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். திடீரென்று பிடித்தல் கூடாது. வளைவில் பிரேக்கு போடுவதைவிட வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துக்கொள்ளுதல் உசிதம். வெள்ளை வர்ணம் பூசிய கோடுகளும், ரெயில்வே கேட்டிலுள்ள தண்டவாளமும் ஈரத்தில் தாரைவிட அதிகம் வழுக்கும். விருத்தாசலம் ஜங்ஷனிலிருந்து சேலத்திற்கும் கடலூருக்கும் கிளைப் பாதைகள் பிரிவதால் இவ்வட்டாரத்தார் தண்டவாளத்தைக் கடக்க நேருவது அடிக்கடி உண்டு. சாய்வாகக் கடக்கும் இரு சக்கர வண்டியின் டயர் தண்டவாளத்தை ஒட்டி வழுக்கி ஆளைத் தள்ளிவிடும். நேர் குறுக்காக, பிரேக்கைத் தொடாமல், மெதுவாகக் கடக்க வேண்டும்.

டயரிலுள்ள பள்ளங்கள் அழகுக்காக வெட்டப்பட்டவை அல்ல. டயருக்கும் ரோட்டுக்கும் இடையே அகப்பட்ட நீரை வெளியேற்றும் வாய்க்கால்கள் அவை. அவை தேய்ந்துபோனால் நீர் வடியாது, டயர் நீரின்மேல் மிதக்கும். அப்போது ஸ்டியரிங்கும் கேளாது, பிரேக்கும் கேளாது. கார் டயரில் இப்பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாதென்பது விதி. ஐப்பசி பிறக்குமுன் டயரையும் பிரேக்குக் கட்டையையும் பார்த்து மாற்றுவது, மழைக்கு முன் வாய்க்காலைத் தூர் வாருவதற்கு ஒப்பான காரியம். பின்னால் உட்கார்ந்தவர் குடை பிடித்துச் செல்லும் வழக்கமொன்று உண்டு. எதிர்க்காற்று குடையைத் தூக்கும்போது வண்டியின் பின்புறமும் அதனுடன் இழுபடுகிறது. ஓட்டுகிறவருக்கு ஏன் வண்டி அலைகிறதென்றே விளங்குவதில்லை. குடைக்குப் பதிலாக மழைச்சட்டை அணிவதே மேல். தலைக்கவசம் ஓட்டுபவருக்கு மட்டுமன்றிப் பின்னால் இருப்பவருக்கும் சட்டப்படி அவசியம். முன்னே செல்லும் வண்டியை ஒட்டிச் செல்லாமலிருக்க எளிய கணக்கு ஒன்றுண்டு. முன் வண்டி ஒரு புளிய மரத்தைக் கடந்தவுடன் நிதானமாக ஒன்று, இரண்டு என்று எண்ண வேண்டும். உலர்ந்த ரோட்டில் இரண்டு எண்ணி முடியுமுன்னும், மழையில் நான்கு எண்ணி முடியுமுன்னும் தம் வண்டி அம்மரத்தை எட்டிவிட்டால் இடைவெளி போதாது என்று அறிந்துகொள்ளலாம்.

இதுவரை கூறியது மழையாலும் வேகத்தாலும் வரும் அபாயம். குடியானவர்களே ரோட்டில் கொண்டுவந்து வைக்கும் அபாயத்தையும் ஒளிக்காமல் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. நடவுக்குச் சேறடித்த டிராக்டர் கேஜ் வீலைக் கழற்றாமலே ரோட்டில் ஏறுகிறது. அந்த இரும்புச் சக்கரம் தாரைக் குத்திக் கிளப்புவதோடு, களிமண்ணை அப்பம் அப்பமாக உதிர்த்துக்கொண்டே போகிறது. காய்ந்திருக்கும்போது அக்கட்டி தூளாகிவிடும். இரவில் ஒரு தூற்றல் விழுந்தால் நெடுந்தூரத்திற்கு ரோடு பரம்படித்த வயலைப் போல் ஆகிவிடும். மறுநாள் விடியலில் பால் கேன்களுடன் மோட்டார் சைக்கிளில் வருகிறவர் அதே ஊர்க்காரராகத்தான் இருப்பார். வயலை விட்டு ஏறுமுன் வரப்போரத்திலேயே கேஜ் வீலைக் கழற்றி டிரெயிலரில் ஏற்றிக்கொள்வதும், டயரில் ஒட்டிய சேற்றை மண்வெட்டியால் வழித்துவிடுவதும், ரோட்டில் விழுந்ததைக் கையோடு வாரி ஒதுக்குவதும் கால்மணி நேர வேலை.

அறுவடைக் காலத்தில் நெல், மக்காச்சோளம், கம்பு, உளுந்து, எள் ஆகியவற்றைத் தார் ரோட்டிலேயே பரப்பி உலர்த்துகிறார்கள். களம் இல்லாத குறையும், தாரின் சூட்டில் விரைவில் காய்வதும், போகிற வண்டிகளே தாளைத் துவைத்துத் தருவதும் இதற்குக் காரணங்கள். களமில்லாத குடியானவரின் கஷ்டம் உண்மையானதே, அதை மறுப்பதற்கில்லை. ஆயினும் உருண்டை மணியான தானியத்தின்மேல் ஏறும் இரு சக்கர வண்டி, குண்டு மணிகளின்மேல் கால் வைத்தவனைப் போலச் சரிகிறது. எள்ளும் உளுந்தும் செடியோடு கிடந்தால் தாள் சக்கரத்திலும் செயினிலும் சுற்றிக்கொண்டு வண்டியை இறுக்கி நிறுத்திவிடும். என்ஜினின் அடியில் சூடான புகைக்குழாயருகே சருகு சேர்ந்தால் தீப்பிடிப்பதும் உண்டு. ரோட்டில் பாதியைத் தானியம் அடைத்துக்கொள்ளும்போது எதிரும் புதிருமான வண்டிகள் மீதிப் பாதியில் முட்டிக்கொள்கின்றன. இவையெல்லாவற்றையும்விடக் கொடியது, குவியலைக் காக்க வைத்த கல். பகலில் தானியத்தைச் சுற்றி வைத்த கருங்கல்லையும் முள்ளையும் மரக்கிளையையும், தானியத்தை அள்ளிச் சென்றபின் அப்படியே விட்டுவிடுகிறார்கள். இருட்டில் அந்தக் கல் ரோட்டின் நிறமாகவே இருக்கிறது. தானியத்துக்குப் பகலில் காவல் இருந்தவர், மாலையில் வீடு திரும்புமுன் ஒரு முறை நடந்து பார்த்து எல்லாக் கற்களையும் அகற்ற வேண்டியது அவசியம். இயன்றவரை ஊர்ப் பொதுக் களத்தையோ, சிமெண்டு உலர்களத்தையோ, கெட்டியான தார்ப்பாயையோ உபயோகித்துக்கொள்வதே மேல். ரோட்டில் காய்ந்த தானியத்தில் ஜல்லிப்பொடியும் எண்ணெய்க் கறையும் கலப்பதால் விலையும் குறைகிறது. இதுபோன்ற இடத்தை வாகனத்தில் கடப்பவர், தானியத்திற்கு முன்பே வேகத்தைக் குறைத்துக்கொண்டு, அதன்மேல் செல்லும்போது பிரேக்கு போடாமலும் திருப்பாமலும் நேராகக் கடந்துவிட வேண்டும்.

டிராக்டரைப் பற்றித் தனியே கூற வேண்டியவை உள. வயலில் குறுகத் திருப்புவதற்காக இடப்பின் சக்கரத்திற்கும் வலப்பின் சக்கரத்திற்கும் தனித்தனி பிரேக்கு மிதிகள் அமைத்திருக்கிறார்கள். ரோட்டில் ஏறுமுன் இவ்விரண்டையும் இணைக்கும் கொண்டியை மாட்டிவிட வேண்டும். கொண்டி மாட்டாத நிலையில் வேகமாகச் செல்லும்போது கால் ஒரு மிதியின்மேல் மட்டும் பட்டால், ஒரு பக்கச் சக்கரம் நின்று, டிராக்டர் அப்பக்கமாகச் சுழன்று கவிழ்ந்துவிடும். உழவு முடித்து அவசரமாக ஏறுகிறவர்கள் மறப்பது பெரும்பாலும் இதைத்தான். பாரம் ஏற்றிய டிரெயிலருடன் இறக்கத்தில் செல்லும்போது, டீசல் மிச்சமாகுமென்று கியரை நியூட்ரலில் தள்ளுவது மிகவும் தவறு. டிரெயிலருக்குத் தனியாகப் பிரேக்கு இல்லாவிடில் அதன் கனம் முழுவதும் டிராக்டரைப் பின்னிருந்து நெட்டும். டிராக்டர் குறுக்கே மடங்கும். இறக்கம் தொடங்குமுன்பே தாழ்ந்த கியருக்கு மாற்றி, என்ஜினின் பலத்தாலேயே வேகத்தை அடக்கிக்கொண்டு இறங்க வேண்டும். வயலிலிருந்து ரோட்டுக்கு ஏறும் செங்குத்தான சரிவில் கிளட்சைச் சட்டென்று விட்டால் முன் சக்கரங்கள் மேலெழும்பி டிராக்டர் பின்புறமாகக் கவிழும். அதற்கு ஒரு வினாடிக்கு மேல் ஆகாது, குதித்துத் தப்ப நேரமிராது. மட்கார்டின்மேல் ஆளை உட்கார வைப்பதும், சேறடிக்கும்போது சிறுவர்களை ஏற்றிக்கொள்வதும் பழகிப்போன வழக்கமாயினும் விடத்தக்கவை. நடவு ஆட்களையோ கலியாணத்திற்குச் செல்பவர்களையோ டிரெயிலரில் ஏற்றிச் செல்லல் சட்டத்திற்கும் விரோதம்.

சேத்தியாத்தோப்பு, நெல்லிக்குப்பம் முதலிய ஆலைகளுக்குக் கரும்பு ஏற்றிச் செல்லும் டிரெயிலர்களில் கரும்பின் நுனிகள் பக்கவாட்டிலும் பின்னும் நீட்டிக்கொண்டு, இருக்கும் சிறு விளக்கையும் மறைத்துவிடுகின்றன. பின்னால் வருபவர் காண்பது ஒரு கருநிழலை மட்டுமே. பின்புறத்தில் சிவப்பு, பக்கங்களில் மஞ்சள், முன்புறத்தில் வெள்ளை என்ற முறையில் ஒளியைத் திருப்பிக் காட்டும் ஸ்டிக்கர் பட்டைகளை ஒட்டி, பின்புறத்துப் பட்டை தழையால் மறையாதபடி பாரம் கட்ட வேண்டும். இந்தப் பட்டைக்கு ஆகும் செலவு ஒரு நாள் கூலிக்கும் குறைவு. எஞ்சியிருக்கும் மாட்டு வண்டிகளுக்கும் இது பொருந்தும். வண்டியின் பின்சட்டத்திலும் சக்கர வட்டையிலும் ஒட்டலாம், மாட்டின் கொம்புக்கும் ஒரு துண்டு சுற்றலாம். வழியில் டயர் பஞ்சரானால் வண்டியைத் தார் ரோட்டை விட்டு முழுதும் மண் ஓரத்தில் இறக்கி நிறுத்த வேண்டும். முடியாவிடில் பின்னால் ஐம்பது அறுபது மீட்டர் தூரம் தள்ளி எச்சரிக்கை முக்கோணத்தை வைப்பதுடன், கை விளக்குடன் ஓர் ஆளையும் நிறுத்துக. தழையையும் கல்லையும் வைத்தால், புறப்படும்போது அவற்றை அகற்றாமல் செல்லலாகாது.

வெள்ளத்தைப் பற்றி இவ்வட்டாரத்தாருக்கு அநுபவம் போதியது. 2015 நவம்பரில் பெய்த பெருமழை கடலூர் ஜில்லாவைப் பாழாக்கியது இன்னும் மறக்கப்படவில்லை. 2024 டிசம்பர் முதல் வாரத்தில் ஃபெஞ்சல் புயல் மழையால் தென்பெண்ணை பெருகியபோது விழுப்புரத்திற்குத் தெற்கே அரசூரருகில் சென்னை - திருச்சி நெடுஞ்சாலையையே வெள்ளம் மூடி, போக்குவரத்து நிறுத்தப்பட்டது. நான்கு வழி நெடுஞ்சாலைக்கே அக்கதியாயின், ஓடைகளின்மேல் அமைந்த தரைப்பாலங்களைப் பற்றிக் கூற வேண்டியதில்லை. மணிமுத்தாறு கல்வராயன் மலையில் உற்பத்தியாவது. விருத்தாசலத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதும், மலையில் பெய்த மழை பல மணி நேரம் கழித்து இங்கு வந்து நீரை உயர்த்தும். காலையில் கடந்த தரைப்பாலம் மாலையிலும் கடக்கத்தக்கதாக இருக்குமென்று நம்பலாகாது.

ஓடும் நீர் 15 சென்டிமீட்டர், அதாவது ஒரு சாணுக்கும் குறைவான ஆழம் இருந்தாலே வளர்ந்த ஆளின் காலை வாரிவிடக் கூடும். ஓரடி ஆழத்தில் சிறு கார் மிதந்து நகரத் தொடங்கும். இரண்டடி நீர் பெரும்பாலான வண்டிகளை அடித்துச் செல்லும். டிராக்டரின் உயரத்தை நம்பி இறங்குபவர், நீர் கலங்கியிருப்பதால் பாலத்தின் விளிம்பு பெயர்ந்துபோனதைக் காண இயலாது. ஓரக்கற்கள் கண்ணுக்குத் தெரியாத நிலையில் எந்த வண்டியையும் இறக்கக் கூடாது. நீர் வடியக் காத்திருத்தல் அல்லது சுற்று வழியில் செல்லுதல் ஆகிய இரண்டைத் தவிர வேறு வழியில்லை. எதிர்க்கரையிலிருப்பவர்கள் கையசைத்து அழைப்பதும் யோசனைக்குரிய சாட்சியம் அன்று. தேங்கி நிற்கும் ஆழமற்ற நீரைக் கடந்தபின் பிரேக்குகள் நனைந்து பிடிக்காமலிருக்கும். சிறிது தூரம் மெதுவாகச் சென்று, மிதியை லேசாகத் தொட்டுத் தொட்டு விட்டால் சூட்டில் உலர்ந்துவிடும். நீரில் நின்றுபோன என்ஜினை அங்கேயே மறுபடி ஸ்டார்ட்டு செய்ய முயன்றால் உள்ளே நீர் புகுந்து பெருஞ்செலவு வைக்கும். 2011 டிசம்பர் 30-ந் தேதி கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்த தானே புயலில் நேர்ந்ததுபோல் மரமும் மின்கம்பமும் சாய்ந்த இடத்தில், கம்பி கிடக்கும் நீரில் காலையோ வண்டியையோ வைக்காமல் தூரத்திலேயே நின்று மின்வாரியத்தாருக்கு அறிவித்தல் வேண்டும்.

மார்கழி, தை மாதங்களில் ஏரிகளையும் நெல் வயல்களையும் ஒட்டிய ரோட்டில் விடியற்காலம் பனி மூடும். அதே மாதங்களில்தான் கரும்பு வண்டிகளும் அறுவடை இயந்திரங்களும் இரவெல்லாம் நடமாடுகின்றன. பனியில் விளக்கை உயர்த்திப் போட்டால் அவ்வொளி பனித்துளிகளில் பட்டு ஓட்டுபவர் கண்ணிலேயே திரும்பி விழும். வெண்சுவர் ஒன்று எழுந்தாற்போலிருக்கும். விளக்கைத் தாழ்த்தி, ரோட்டின் இடப்பக்க ஓரக் கோட்டைப் பார்த்துச் செல்க. முன் வண்டியின் சிவப்பு விளக்கையே வழிகாட்டியாகக் கொண்டு நெருங்கித் தொடர்வோர், அது பள்ளத்தில் இறங்கினால் தாமும் இறங்குவர். நான்கு இண்டிகேட்டர்களையும் எரியவிட்டு ஓடுவதும் பிசகு. வண்டி எப்பக்கம் திரும்பப் போகிறதென்பது பிறருக்குத் தெரியாமற் போகிறது. ஓரடியும் தெரியாத மூட்டமாயின் டீக்கடை வாசலிலோ பெட்ரோல் பங்கிலோ ஒதுங்கி, வெயில் ஏறியபின் புறப்படுதல் நலம். விற்பனைக் கூடத்தில் ஒரு மணி நேரம் பிந்திச் சேருவதால் மூட்டையின் எடை குறைந்துவிடாது.

ஆடிக் காற்றில், மூட்டையோ வைக்கோலோ உயர ஏற்றிய வண்டி திறந்த வெளியில் சாயத் தள்ளப்படும். பாரத்தைத் தாழ்வாகவும் அகலாமலும் ஏற்றிக் கயிற்றை இறுக்கிக் கட்டுவதே பரிகாரம். எதிரே வரும் பஸ் கடக்கும்போது காற்று ஒரு கணம் தடைபட்டு மறுகணம் தாக்குவதால் மோட்டார் சைக்கிள்காரர் ஹேண்டில்பாரை உறுதியாகப் பற்ற வேண்டும். கத்திரி வெயிலில் காற்றுக் குறைந்த டயர் அதிகம் சூடேறி வெடிக்கிறது. ஆகையால் காற்றைக் குறைத்து ஓட்டினால் வெடிக்காது என்ற எண்ணம் நேர் மாறானது. காலையில் டயர் ஆறியிருக்கும்போதே குறித்த அளவுக்குக் காற்றைச் சரிபார்க்க வேண்டும். சூடான ரேடியேட்டரின் மூடியை உடனே திறந்தால் கொதிநீர் முகத்தில் பீறிடும். மதியச் சோற்றுக்குப்பின் இரண்டிலிருந்து நான்கு மணிக்குள் வரும் தூக்கம் டீயினால் முழுவதும் நீங்குவதன்று. மரநிழலில் அரைமணி படுத்தெழுந்து ஓட்டலாம்.

எவ்வளவு ஜாக்கிரதையாயிருந்தும் விபத்து நேர்ந்துவிட்டால், பின்னால் வரும் வண்டிகளை எச்சரிக்க ஒருவரை அனுப்பிவிட்டு, 108 என்ற எண்ணுக்கு ஃபோன் செய்ய வேண்டும். முறிவுற்றவரை ஆட்டோவிலோ டிரெயிலரிலோ மடித்துப் போட்டுத் தூக்கிச் செல்வதால் முதுகெலும்புக்குக் கேடு நேரலாம். தீயோ வெள்ளமோ இல்லாத வரையில் ஆம்புலன்ஸ் வருமட்டும் அசைக்காமல் வைத்து, ரத்தம் வடியும் இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். போலீஸ், கோர்ட்டு என்று அலைய நேருமோவென்று உதவாமல் ஒதுங்குவோர் பலர். 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, நல்லெண்ணத்தோடு உதவியவர்மேல் வழக்குத் தொடர இயலாது. தம் பெயரைக் கூறும்படி அவரைக் கட்டாயப்படுத்தவும் இயலாது. தமிழ்நாடு சர்க்கார் 2021 டிசம்பரில் தொடங்கிய இன்னுயிர் காப்போம் திட்டத்தின்படி, காயமுற்றவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை, திட்டத்தில் சேர்க்கப்பட்ட சர்க்கார் ஆஸ்பத்திரிகளிலும் தனியார் ஆஸ்பத்திரிகளிலும் இலவசமாக அளிக்கப்படுகிறது. டிராக்டர் மட்கார்டின் உட்புறத்திலும் டிரெயிலரின் முன்பலகையிலும், வீட்டாருடைய ஃபோன் எண்ணையும் ஓட்டுபவரின் ரத்த வகையையும் பெயிண்டால் எழுதி வைத்துக்கொள்ளலாம். ஆயுதபூஜைக்கு வண்டியைக் கழுவிப் பொட்டு வைக்கும் அன்றே இதையும், ஸ்டிக்கர் பட்டை ஒட்டுவதையும் செய்துவிட்டால் அடுத்து வரும் மழைக்கு வண்டி ஆயத்தமாயிருக்கும்.